குப்பைமேடும் மின்னொளியும்

2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பிற்பகலிலே, கொழும்பு நகரின் எல்லையிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீழ்ந்தது. பண்டிகைப் பலகாரங்களோடு உறவினரை எதிர்பார்த்திருந்த வீடுகள் அதன்கீழ் அமிழ்ந்தன. 32 பேர் மாண்டனர். அவர்களிற் பிள்ளைகளும் அடங்குவர். அதற்குச் சரியாக 34 நாள்களுக்கு முன்னர், மார்ச் 11 ஆந் திகதி இரவு, எதியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவிலே கோஷே என்னும் குப்பைமேடு சரிந்து 110 க்கு மேற்பட்டோரைப் புதைத்தது. இவ்விரு நகரங்களுக்குமிடையே மொழியாலும் மதத்தாலும் வரலாற்றாலும் ஒற்றுமை ஏதுமில்லை. ஆயினும் மாண்டவர் யாவர் என்று வினவின், இரண்டிடத்தும் விடை ஒன்றே. வேறிடத்திற் குடியிருக்க வசதியற்றமையால் மேட்டின் அடிவாரத்திற் குடியிருந்தவர்களே மாண்டனர்.

இவ்வழிவுகளைத் தொடர்ந்து இரு நகரங்களிலும் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையங்கள் திறந்துவைக்கப்பட்டன. அடிஸ் அபாபாவின் நிலையம் 2018 ஓகத்திலும், கொழும்புக்கு வடக்கேயுள்ள கெரவலப்பிட்டி நிலையம் 2021 பெப்ருவரியிலும் தொழிற்படத் தொடங்கின. 'குப்பையிலிருந்து மின்சாரம்' என்னுந் தொடர் பத்திரிகைகளில் ஓர் இரசவாதம் போலவே எடுத்துரைக்கப்பட்டது. விஞ்ஞானத்தின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆனால், ஒரு நகரத்தின் குப்பையில் என்ன இருக்கின்றது, அஃது உலையை அடையுமுன் எத்தனை கைகளைக் கடந்து வருகின்றது என்பன பொறியியலாளர் மாத்திரம் விடையிறுக்கக்கூடிய வினாக்களல்ல. அவை சமூக வரலாற்றுக்குரியவை. அவ்வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் தகும்.

குப்பையை எரித்து வலுப்பெறும் முயற்சி புதியதன்று. 1874 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே அல்பிரட் பிறையர் என்பார் வகுத்த எரியுலை நிறுவப்பட்டது. 'அழிப்பான்' என்று பொருள்படும் பெயரையே ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். 1897 இல், கிழக்கு இலண்டனிலே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த சோர்டிச் பகுதியின் உள்ளூர்ச்சபை ஒருபடி மேலே சென்றது. குப்பை எரிந்த வெப்பத்தாற் கொதிகலனை இயக்கி மின்சாரம் ஆக்கும் நிலையமொன்றை அச்சபை தானே கட்டியது. அக்காலத்துப் பேரறிஞர் கெல்வின் பிரபு அதனைத் திறந்துவைத்தார். 'தூசியிலிருந்து ஒளியும் வலுவும்' என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் அந்நிலையத்தின் சின்னமாயிற்று. எஞ்சிய வெப்பம் அருகிலிருந்த பொதுக் குளியலகத்துக்கு நீர் சுடவைக்கப் பயன்பட்டது. ஏழைகள் வாழும் தெருக்களுக்கு ஓர் உள்ளூர்ச்சபை, கம்பனிகளின் தயவை நாடாது, மின்விளக்கும் வெந்நீரும் கொடுத்தமை இன்றும் நாம் மதிக்கவேண்டிய செயலேயாகும்.

ஆனால் சோர்டிச்சின் குப்பை எவ்வாறு எரிந்தது? இலண்டன் வீடுகளின் அடுப்புகளிலே நிலக்கரி எரிந்தது. அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பலில் முற்றாக எரியாத கரித்துண்டுகள் மிகுதியாக இருந்தன. அந்நகரத்தார் குப்பையைத் 'தூசி' என்றே அழைத்ததன் காரணமும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தூசி பெறுமதியுள்ள பண்டமாயிருந்தது. அதனை அள்ளிச் செல்லும் உரிமைக்காகக் குத்தகைகாரர் கோயிற்பற்றுகளுக்குப் பணங் கொடுத்த காலமும் உண்டு. தூசி முற்றங்களிலே பெண்கள் இடுப்பளவு குவியலுக்குள் நின்று அரிதட்டுகளாற் சலித்தனர். மென்சாம்பல் செங்கற் களிமண்ணோடு கலக்கப்பட்டது. கரித்துண்டு செங்கற் சூளைக்குச் சென்றது. கந்தலும் எலும்பும் வேறு வியாபாரிகளிடஞ் சென்றன. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1864, 1865 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தமது கடைசி முழுநாவலிலே, தூசிமேடுகளாற் செல்வந் திரட்டிய ஒருவரின் சொத்தையே கதையின் அச்சாணியாக வைத்தமை கற்பனையின் விளைவு மாத்திரமன்று. சலித்த பெண்களுக்குச் சொத்து எதுவும் சேர்ந்ததாக எந்நாவலும் கூறவில்லை.

ஆகவே, சோர்டிச்சில் எரிந்தது குப்பை என்பதிலும் பார்க்க, குப்பையோடு கலந்திருந்த நிலக்கரி என்பதே பொருந்தும். இவ்வுண்மையைப் பெர்லின் நகரம் விரைவிலேயே கண்டுகொண்டது. அங்கு 1890 களில் ஆங்கில உலைகளைப் பரீட்சித்தபோது குப்பை தானாக எரிய மறுத்தது. பெர்லின் வீடுகளில் எரிந்தது பழுப்புநிலக்கரி. அதிலிருந்து எஞ்சியது வெறுஞ் சாம்பலே. ஹம்பேர்க் நகரத்து உலை வெற்றியளித்தது என்பது உண்மைதான். 1892 இல் வாந்திபேதியால் 8,000 க்கு மேற்பட்டோரை இழந்த அந்நகரத்தின் குப்பையை அயலூரார் ஏற்க மறுத்தமையால், எரிப்பதைவிட அதற்கு வேறு வழியிருக்கவில்லை. ஒரே பொறி, ஒரே கண்டம், ஒரே பத்தாண்டு. எனினும் மக்கள் எதனை எரித்துச் சமைத்தனர் என்பதைப் பொறுத்து முடிவு மாறிற்று.

இப்பாடம் ஐரோப்பாவுக்கு வெளியே பொறிகள் அனுப்பப்பட்டபோது மறக்கப்பட்டது. அதற்குத் தில்லி நகரத்தின் திமார்ப்பூர் நிலையத்தை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1987 இல் டென்மார்க்கைச் சேர்ந்த வோலுண்ட் நிறுவனத்தின் பொறிகளோடு அந்நிலையம் எழுப்பப்பட்டது. நாளொன்றுக்கு 300 தொன் குப்பையை எரித்து 3.75 மெகாவாற் மின்சாரம் பெறுவது திட்டம். பொதுப்பணம் கோடிக்கணக்கிற் செலவாயிற்று. நிலையம் 21 நாள்கள் ஓடிற்று, பின்னர் நின்றுவிட்டது. ஒரு கிலோகிராம் குப்பையிலிருந்து ஏறத்தாழ 1,460 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும் என்று கணக்கிட்டிருந்தனர். கிடைத்ததோ 600 முதல் 700 வரை. பின்னர் 1999 இல் உலக வங்கி வெளியிட்ட வழிகாட்டி நூல், இத்தகைய உலைகளுக்குரிய குப்பையின் வெப்பப் பெறுமானம் ஆண்டுச் சராசரியாகக் கிலோகிராமுக்கு 7 மெகாயூலுக்குக் குறையலாகாது என்றது. கலோரிக் கணக்கில் அஃது ஏறத்தாழ 1,670 கிலோகலோரியாகும். தில்லிக் குப்பை அதன் பாதியைத்தானும் எட்டவில்லை.

தோல்விக்குப் பொறியியலாளர் கூறிய காரணம், குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுதி என்பது. அது சரியே. ஆனால் குப்பை ஏன் ஈரமாயிற்று? இவ்வினாவை அவர்கள் தொடர்ந்து கேட்டிருப்பின் தில்லியின் சமூக அமைப்பு முழுவதும் அவர்கள் கண்முன் விரிந்திருக்கும். பழைய பத்திரிகையை வீட்டுக்காரர் குப்பையில் எறிவதில்லை. வாசலுக்கு வரும் கபாடி வியாபாரிக்கு நிறுத்து விற்கின்றனர். போத்தலும் தகரமும் அவ்வழியே செல்கின்றன. தப்பித் தவறித் தெருவுக்கு வந்த கடதாசி, கந்தல், பிளாஸ்ரிக், இறப்பர்த் துண்டு ஆகியவற்றை விடியுமுன்னரே கோணிப்பையோடு புறப்படும் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிவிடுகின்றனர். மாநகரசபையின் லொறி வரும்வேளை எஞ்சியிருப்பன காய்கறித் தோலும், தெருக்கூட்டிய மண்ணும், அடுப்புச் சாம்பலுமே. எரியத்தக்க யாவும் ஏற்கெனவே யாரோ ஒருவரின் பசிக்கு விலையாகிவிட்டன. கோபன்கேகன் நகரத்துக் குப்பைத் தொட்டியிலுள்ள கடதாசியையும் பெட்டியையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட உலை, இந்தப் பெண்களின் உழைப்பைத் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வுழைப்பே உலையை அணைத்தது எனலாம்.

கால் நூற்றாண்டு கழிந்தபின், 2012 இல், அதே நகரத்தின் ஓக்லாப் பகுதியிலே மற்றொரு நிலையம் தனியார் கம்பனியொன்றினால் இயக்கப்பட்டது. இம்முறை 16 மெகாவாற். இடைக்காலத்திற் பிளாஸ்ரிக் பொதிகள் பெருகி நகரத்துக் குப்பையின் இயல்பும் ஓரளவு மாறியிருந்தது. ஆனால் மாறியது குப்பையின் இயல்பு மாத்திரமன்று, அதன் உடைமையுமே. குப்பை லொறியில் ஏறிய கணத்திலிருந்து அது கம்பனிக்குரிய எரிபொருளாயிற்று. திமார்ப்பூரிலே கடதாசியும் பிளாஸ்ரிக்கும் இல்லாமையால் உலை நின்றது; ஆகவே புதிய உலை அவற்றையே வேண்டிநின்றது. எவற்றைப் பொறுக்கி ஒரு குடும்பம் ஒருநாள் அரிசிக்கும் மாவுக்கும் வழி தேடியதோ அவற்றையே பொறி கேட்டது. தில்லியின் குப்பை பொறுக்குவோர் எதிர்த்தமையில் வியப்பில்லை. புகையைச் சுவாசிக்க நேர்ந்த அயலிலுள்ள நடுத்தர வர்க்கத்தாரும் நீதிமன்றம் சென்றனர். இரு வர்க்கங்களும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே வாயிலில் நின்ற அபூர்வக் காட்சி அது.

ஈரக் குப்பையிலிருந்து வலுப்பெற வேறொரு வழியும் உண்டு. காற்றுப் புகாதவாறு ஆழத்தில் அமுங்கிக் கிடக்கும் காய்கறியும் சோறும் நுண்ணுயிர்களால் அழுகும்போது எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மெதேன். குழாய்களைப் புதைத்து அதனை உறிஞ்சி, இயந்திரத்தில் எரித்து மின்சாரம் ஆக்கலாம். விட்டுவிட்டால் அது வானத்தையடைந்து, நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேட்டினுள்ளே தேங்கினால் தீயும் வெடியும் நேரும். மழைநீரும் சேர்ந்துகொண்டால் மேடு தன் பாரத்தைத் தானே தாங்காது சரியும். ஏழை நாடுகளின் குப்பைக்கு இவ்வழி இயல்பாகப் பொருந்துவது. எனினும் இதுவும் அழிவின் பின்னாலேயே வந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.

பிலிப்பைன்சின் கேசோன் நகரிலுள்ள பயாட்டாஸ் குப்பைமேடு 2000 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி கடும் மழையின்பின் சரிந்தது. 200 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மேட்டை அண்டிய குடியிருப்புக்கு 'வாக்களிக்கப்பட்ட பூமி' என்று பெயர். விவிலியத்திலிருந்து எடுத்த அப்பெயரை இட்டவர் நம்பிக்கையோடு இட்டனரா, கசப்போடு இட்டனரா என்பதை நாம் அறியோம். அடுத்த ஆண்டே அந்நாட்டில் திண்மக் கழிவு பற்றிய சட்டமொன்று இயற்றப்பட்டது. சில ஆண்டுகளின்பின் இத்தாலியக் கம்பனியொன்று மேட்டினுட் குழாயிறக்கி மெதேனை எரிக்கத் தொடங்கிற்று.

கம்பனிகளை அவ்விடத்துக்கு ஈர்த்தது சிறிதளவு மின்சாரமன்று. 1997 இன் கியோட்டோ உடன்படிக்கை, வளர்முக நாட்டில் எரிக்கப்பட்ட வாயுவுக்கு ஈடாகச் செல்வந்த நாடு தன் புகைக்கணக்கைக் கழித்துக்கொள்ள இடமளித்தது. குப்பைமேட்டின் மூச்சு ஐரோப்பியச் சந்தையில் விலைபோயிற்று. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் இதன் உட்கிடை நன்கு வெளிப்பட்டது. நிறவெறி ஆட்சி நடந்த 1980 இல், இந்திய வம்சாவளியினருக்கு ஒதுக்கப்பட்ட கிளேர் எஸ்டேற் பகுதியிலே பிசாசர் வீதிக் குப்பைமேடு அமைக்கப்பட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள் அப்பகுதியில் வாழ்ந்தனர்; அக்கூலிகளுள் தமிழர் தொகை பெரிது. மூடப்படும் என்று வாக்களிக்கப்பட்ட மேடு, நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின்னும் மூடப்படவில்லை. வாயு வருமானமாகத் தோன்றியதும், மூடாதிருப்பதற்குப் புதிய நியாயமும் பிறந்தது. அயலில் வாழ்ந்த சாஜிதா கான் என்னும் பெண்மணி அத்திட்டத்தை எதிர்த்துப் பல்லாண்டு போராடி, 2007 இற் புற்றுநோயால் மறைந்தார். ஆனால் மேட்டோடு ஒட்டிய கென்னடி வீதிக் குடிசைகளில் வாழ்ந்த கறுப்பின ஏழைகளுட் பலருக்கு அம்மேடே சோறு. மூடுவது ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குப் பட்டினி. இம்முரண்பாட்டை நிறவெறி ஆட்சியே விதைத்தது. அதைத் தீர்க்காமல் அதன்மேற் குழாய் பதித்தனர். 2012 அளவில் புகைக்கணக்குச் சந்தை சரிந்து, விலை ஏறக்குறைய ஒன்றுமில்லையென்றாயிற்று. குப்பைமேடு என்னவோ சந்தையோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

இனி அடிஸ் அபாபாவுக்கு மீள்வோம். கோஷே ஏறத்தாழ 50 ஆண்டுகளாக அந்நகரத்தின் குப்பையைத் தாங்கி நின்றது. 2016 இல் நகருக்கு வெளியே செண்டாபா என்னுமிடத்திற் புதிய நிலத்துக்குக் குப்பை திருப்பப்பட்டது. தம் நிலமும் நீரும் கெடுவதாக அங்குள்ள விவசாயிகள் கிளர்ந்தெழவே, சில மாதங்களில் லொறிகள் மீண்டும் கோஷேக்குத் திரும்பின. அதேவேளையில் மேட்டின் அருகே எரியுலை நிலையத்தின் கட்டட வேலையும் நடந்துகொண்டிருந்தது. மண் நிரவும் வேலையே மேட்டை அசைத்தது என்று உயிர் தப்பியோர் சிலர் குறைகூறினர். நாளுக்கு 1,400 தொன் குப்பையை எரித்து 25 மெகாவாற் தரும் என்று அறிவிக்கப்பட்ட அந்நிலையம், பொறுக்கியோர் புதையுண்ட இடத்தின் பக்கத்தில், 17 மாதங்களின் பின் திறக்கப்பட்டது.

மீதொட்டமுல்லையின் கதையும் இதனோடு ஒத்ததே. கொழும்பின் வடக்கே புளூமென்டல் மேடு 2009 இல் மூடப்பட்டபோது, நகரத்தின் குப்பை கொலன்னாவைச் சதுப்புநிலத்தின்மேற் குவியத் தொடங்கிற்று. தற்காலிக ஏற்பாடென்றே அதற்குப் பெயர். எட்டாண்டுகளில் அது மலையாயிற்று. அங்குள்ள மக்கள் ஊர்வலம் சென்றனர், வீதியை மறித்தனர், பொலிசாரின் தடியடியையும் கண்டனர். அவர்கள் கேட்டது மின்சாரத்தையன்று, லொறிகள் நிற்பதையே.

கெரவலப்பிட்டி நிலையம் நாளொன்றுக்கு 600 முதல் 700 தொன் வரையான குப்பையை எரித்து 10 மெகாவாற் தருவதற்காக அமைக்கப்பட்டது. இலங்கையின் மிகப்பெரிய அனல்மின் நிலையமாகிய நுரைச்சோலையின் கொள்ளளவு 900 மெகாவாற் என்பதோடு இதனை ஒப்பிட்டால், நாட்டின் மின்பசியை இது தீர்ப்பதாகப் பேசுவது எத்துணை மிகையென்பது தெளிவாகும். இதன் உண்மையான பயன் குப்பையின் பருமனைக் குறைப்பதிலேயே உள்ளது. அப்பயன் சிறிதன்று. மனிதரை விழுங்கும் மேட்டினும் சீராக நடத்தப்படும் உலை மேலானதென்பதை மறுப்பார் யாருமிலர், நாமும் மறுக்கவில்லை. எரிந்தபின் எஞ்சும் சாம்பல், ஆரம்ப நிறையில் நான்கிலொன்றுவரை இருக்கக்கூடும் என்பதையும், புகைபோக்கியில் வடிகட்டப்படும் நுண்சாம்பல் நச்சுத்தன்மையுடையது என்பதையும் மட்டுமே சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்கும் எங்கோ ஒரு நிலம் வேண்டும்.

வேறு விதமாகவும் நடந்திருக்கின்றது. மேற்கிந்தியாவின் பூனா நகரிலே, பெண்கள் பல்கலைக்கழகமொன்றின் முதியோர்கல்வித் துறையைச் சேர்ந்த ஆசிரியைகள், குப்பை பொறுக்கும் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கச் சென்றனர். எழுத்தினும் முன்பாக அத்தாய்மார் கேட்டது தரம்பிரித்த குப்பையையும் திருடர் என்று விரட்டப்படாத வாழ்க்கையையுமே. சுமைதூக்கும் தொழிலாளரை அணிதிரட்டிய பாபா ஆதவின் துணையோடு 1993 இல் அவர்கள் ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். கடதாசி, கண்ணாடி, தகரம் பொறுக்குவோர் பஞ்சாயத்து என்பதே அதன் பெயரின் பொருள். 1990 களின் நடுவில் மாநகரசபை அவர்களது அடையாள அட்டைகளை ஏற்றுக்கொண்டது. 2008 இல் அவர்களது கூட்டுறவுச் சங்கத்திடமே வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஈரக்குப்பை வேறு, உலர்குப்பை வேறு எனப் பிரித்து வாங்கும் அப்பெண்களுக்கு வீட்டார் மாதந்தோறும் கூலி கொடுக்கலாயினர். எழுத்தறிவிக்கச் சென்ற ஆசிரியைகள் தொழிற்சங்கத்தோடு திரும்பியது நமக்கு, அதாவது வகுப்பறையே உலகமென்றிருக்கும் ஆசிரிய வர்க்கத்தினர்க்கு, நினைக்குந்தோறும் சற்றுக் கூச்சத்தைத் தருவதாகும்.

மீதொட்டமுல்லையின்பின் கொழும்பின் குப்பைக்கு அரசு தேடிய மற்றைய நிலம் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் அங்குள்ளன. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் குப்பையைக் கொண்டுசெல்லத் திட்டம் வகுக்கப்பட்டது. 2018 இலிருந்து புத்தளம் மக்கள் கறுப்புக்கொடி ஏற்றியும் சத்தியாக்கிரகம் இருந்தும் எதிர்த்தனர். அவர்களுட் பலர் 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு அம்மாவட்டத்தின் அகதிமுகாம்களில் வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம்கள். 2019 ஓகத்தில் முதற் குப்பை அங்கே இறங்கிற்று. இரண்டு மாதங்களுள், ஒக்ரோபரில், தேங்கிய வாயு வெடித்தது. கொழும்புக்கு மின்சாரம் அனுப்பும் நுரைச்சோலை அனல்நிலையமும் அதன் நிலக்கரிச் சாம்பலும் அதே புத்தளம் மாவட்டத்திலேயே உள்ளன.